இரண்டு சக்கரங்களை எண்ணிய சொல்லும் நம் மிதிவண்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக மிதிவண்டி நாளான ஜூன் 3 அன்று தங்கள் நாளிதழின் சொல் விளக்கப் பகுதியில் ‘பைசிக்கிள்’ என்ற சொல்லைப் பற்றி வெளிவந்த குறிப்பைப் படித்தேன். அக்குறிப்பு மூன்று செய்திகளைச் சொல்கிறது. அது கிரேக்கச் சொல், ‘இரண்டு சக்கரம்’ என்பது அதன் பொருள் என்பது ஒன்று. அந்த வண்டியைச் சிவ்ராக் என்ற பிரெஞ்சுப் பிரபு 1790-இல் உருவாக்கினார் என்பது மற்றொன்று. ‘மிதிவண்டி’ என்பது மூலச்சொல்லின் பொருளைத் தராத பிழையான மொழிபெயர்ப்பு, ‘சைக்கிள்’ என்பதோ தலை வெட்டப்பட்ட அரைச்சொல், ஆகவே இனி எல்லாரும் ‘ஈருருளி’ என்றே எழுத வேண்டும் என்பது மூன்றாவது. இவற்றுள் முதலாவது பாதி சரி. இரண்டாவது முழுவதும் தவறு. மூன்றாவதை ஏன் ஏற்க முடியாது என்று விளக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும். முப்பது ஆண்டுகள் தமிழ் வகுப்பு எடுத்தவனுக்குச் சுருங்கச் சொல்லுதல் என்னும் அழகு பாடம் நடத்த மட்டுமே பயன்பட்டது.

சிவ்ராக் பிரபுவின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். அப்படி ஒரு பிரபு மிதிவண்டி செய்யவே இல்லை. லூயி போத்ரி த சோனியே என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1891-இல் வெளியிட்ட வரலாற்று நூலில்தான் 1790 என்ற ஆண்டும், பிரபுவும், ‘செலரிஃபேர்’ என்ற மர வண்டியும் வருகின்றன. பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் ஆவணங்களைப் புரட்டியபோது அகப்பட்டது, 1817-இல் சியேவ்ராக் என்பவர் அதே பெயரில் இறக்குமதி உரிமம் பெற்ற நான்கு சக்கரக் குதிரைவண்டி ஒன்றுதான். ஜெர்மானியர் ஒருவருக்கு முன்னால் ஒரு பிரெஞ்சுக்காரரை நிறுத்திவைக்கும் ஆசையில் பிறந்த அக்கதை, பள்ளிப் பொது அறிவு நூல்கள் வழியாக இன்றும் உலவி வருகிறது.

உண்மையில் தொடக்கம் அந்த ஜெர்மானியரிடம்தான் இருக்கிறது. 1817 ஜூன் 12 அன்று மான்ஹைம் நகரத்தில் கார்ல் ஃபான் டிரைஸ் என்பவர், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மரச்சக்கரங்களைப் பூட்டிய ஒரு பொறியில் ஏறி உட்கார்ந்து, கால்களால் தரையை உந்தி, ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவிலிருந்த குதிரை மாற்றும் சாவடிவரை சென்று ஒரு மணி நேரத்துக்குள் திரும்பினார். 1815-இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாமல் பயிர் பொய்த்ததும், குதிரைத் தீவனத்தின் விலை ஏறியதுமே அவரை இம்முயற்சியில் தள்ளின என்று சில வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். அது கருத்தளவில் நிற்கிறது. நமக்கு இங்கே வேண்டியது அவர் வைத்த பெயர். அவர் தம் பொறியை ‘லவுஃப்மஷீனெ’ என்றார். ‘ஓட்டப்பொறி’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். அதில் மிதிக்கட்டை கிடையாது, சங்கிலி கிடையாது. உட்கார்ந்தபடியே ஓடுவதற்கான கருவி அது. ஆகவே பெயரில் சக்கரம் வரவில்லை, எண்ணிக்கையும் வரவில்லை, ஓட்டம் மட்டுமே வந்தது. ஊரார் அதை அவருடைய பெயராலேயே ‘டிரைசீனெ’ என்றும் அழைத்தனர். வேடிக்கை என்னவென்றால், அப்பெயர் பின்னாளில் தண்டவாளத்தில் ஓடும் சிறு தள்ளுவண்டிக்குப் போய்விட்டது.

1818-இல் பிரான்சில் இதற்குக் காப்புரிமை பெற்றபோது ‘வெலோசிபேட்’ என்ற பெயர் சூட்டப்பட்டது. விரைவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையும் காலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையும் இணைத்துச் செய்த சொல் இது; ‘விரைகால்’ என்று நம் புலவர் ஒருவர் ஆக்கியிருக்கக்கூடும். பின்னர் 1860-களில் பாரிஸ் நகரில் முன்சக்கரத்தின் அச்சிலேயே மிதிக்கட்டை பொருத்தப்பட்டது. பியர் மிஷோவின் பட்டறையும் பியர் லாலமான் என்ற தொழிலாளியும் இதில் தத்தம் உரிமையைக் கோரினர்; லாலமான் 1866-இல் அமெரிக்காவில் காப்புரிமையும் பெற்றுவிட்டார். அப்போதும் வண்டியின் பெயர் வெலோசிபேட்டாகவே இருந்தது. ருசியர்கள் இன்றுவரை அதை ‘வெலசிபேட்’ என்றே சொல்கிறார்கள். இந்தோனேசியர்களின் ‘செப்பேடா’ அதன் தேய்ந்த வடிவம். சுவிட்சர்லாந்து ஜெர்மானியர்களோ முன்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு ‘வேலோ’ என்கிறார்கள். அச்சொல்லின் பின்பாதியில் இருக்கும் ‘பெட்’ என்ற கால்தான் ‘பெடல்’ என்ற சொல்லிலும் இருக்கிறது. வடமொழியின் ‘பாத’மும் அதே வேரில் கிளைத்தது. ஆகவே நம் பிள்ளைகள் பெடலின் மேல் பாதத்தை வைக்கும்போது, நெடுங்காலம் பிரிந்திருந்த இரண்டு உறவுச் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன என்று வகுப்பில் நான் சொல்வதுண்டு.

‘பைசிக்கிள்’ இவ்வளவுக்கும் பிறகு வந்த சொல். ஆங்கிலத்தில் அதன் முதல் ஆட்சிகளுள் ஒன்று 1868-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதை முதலில் ஆக்கியவர்கள் பிரெஞ்சுக்காரர்களா ஆங்கிலேயர்களா என்பதில் சொல்லாராய்ச்சியாளர்களிடையே ஒத்த கருத்தில்லை. ஆனால் எதைப் பார்த்து ஆக்கினார்கள் என்பதில் ஐயமில்லை. ‘டிரைசைக்கிள்’ என்ற சொல் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே பாரிஸில் இருந்தது. 1820-களின் இறுதியில் அது மூன்று சக்கரங்கள் கொண்ட ஒருவகைக் குதிரைவண்டியைக் குறித்தது. மூன்றுக்கு ஒரு பெயர் இருந்ததால் இரண்டுக்கும் அதே அச்சில் ஒரு பெயரை வார்த்தார்கள். எண்ணிக்கையால் பெயர் வைக்க வேண்டியிருந்ததற்குக் காரணம், அக்காலத்தில் வெலோசிபேட் என்ற பெயரில் மூன்று சக்கர வண்டிகளும் நான்கு சக்கர வண்டிகளும் கலந்து ஓடியதுதான். எது எத்தனை சக்கரம் என்று சொன்னால் மட்டுமே கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் பேச்சு விளங்கும் என்ற நிலை. ஆகவே ‘இரண்டு சக்கரம்’ என்பது அப்பொருளின் இலக்கணம் அன்று. அன்றைய கடைவீதியில் மற்ற வண்டிகளிலிருந்து அதைப் பிரித்துக்காட்டிய அடையாளம்.

அது கிரேக்கச் சொல் என்பதும் பாதி உண்மையே. ‘சைக்கிள்’ என்ற பகுதி, வட்டத்தையும் சக்கரத்தையும் குறிக்கும் ‘கியூக்ளோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. முன்னால் நிற்கும் ‘பை’ இலத்தீன். இரண்டு பகுதியும் கிரேக்கமாக இருந்திருந்தால் ‘டைசைக்கிள்’ என்று ஆகியிருக்க வேண்டும். அப்படி ஒரு சொல்லும் உண்டு. இரண்டு சக்கரங்கள் முன்பின்னாக இல்லாமல் பக்கவாட்டில் அமைந்த ஓட்டோ என்பவரின் வண்டிக்கு 1880-களில் அப்பெயர் வழங்கியது. பர்மிங்காமில் துப்பாக்கி செய்து வந்த பி.எஸ்.ஏ. நிறுவனம் அதைத் தயாரித்தது. தூய சொல்லைத் தாங்கிய வண்டி சில ஆண்டுகளில் காணாமற்போயிற்று. கலப்புச் சொல்லைத் தாங்கிய வண்டி உலகெங்கும் ஓடுகிறது. டைசைக்கிளைத் தயாரித்த பி.எஸ்.ஏ.வின் பெயரோ அம்பத்தூரில் செய்யப்பட்ட சைக்கிள்களில் ஒட்டிக்கொண்டு நம் வீட்டு முற்றம்வரை வந்து சேர்ந்தது.

‘பை’, ‘சைக்கிள்’ ஆகிய இவ்விரு பகுதிகளின் மூலத்தை இன்னும் ஓரடி பின்னால் தேடிச் சென்றால் நமக்கு மிகவும் பழக்கமான இடத்தில் கொண்டுபோய் விடுகிறது. கிரேக்க ‘கியூக்ளோஸ்’, வடமொழிச் ‘சக்ர’, ஆங்கில ‘வீல்’ மூன்றும் ஒரே தொல்மூலத்திலிருந்து வந்தவை என்பது மொழிநூலார் அனைவரும் ஒப்பிய முடிவு. பாரசீகத்தின் ‘சர்க்’ என்பதும் அதுவே. வடநாட்டில் இராட்டைக்கு வழங்கும் ‘சர்க்கா’ அதிலிருந்து வந்தது. அப்படியானால் ‘சைக்கிள் வீல்’ என்பதும் ‘சைக்கிள் சக்கரம்’ என்பதும் ஒரே சொல்லை இருமுறை சொல்வதுதான். இலத்தீனின் ‘பை’யும் வடமொழியின் ‘துவி’யும் அவ்வாறே உடன்பிறந்தவை. பாரசீகர்கள் மிதிவண்டியைத் ‘தோ சர்க்கே’ என்கிறார்கள். இலங்கைத் தமிழர்கள் எழுத்து வழக்கில் ‘துவிச்சக்கர வண்டி’ என்கிறார்கள். ஆக்கியோர் அறிந்து செய்தனரோ அறியாமல் செய்தனரோ, ‘துவிச்சக்கரம்’ என்பது ‘பைசிக்கிள்’ என்பதன் இரண்டு உறுப்புகளையும் அதே வேரில் கிளைத்த சொற்களைக் கொண்டே ஈடு செய்கிறது. மூலச்சொல்லின் பொருளை அணுவும் பிசகாமல் தர வேண்டும் என்பதே தங்கள் குறிப்பாசிரியரின் அளவுகோல் என்றால், அவர் பரிந்துரைத்திருக்க வேண்டியது இந்த யாழ்ப்பாண வழக்கையே அன்றி ஈருருளியை அன்று.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சகரம் அ, ஐ, ஔ ஆகிய மூன்று உயிர்களோடு கூடிச் சொல்லுக்கு முதலில் வராது என்பது, பெரிதும் வழங்கும் பாடத்தின்படி, தொல்காப்பிய விதி. அவ்விதிப்படி ‘சைக்கிள்’ தமிழில் நுழைய முடியாது. ஆனால் ‘சக்கர’மும் நுழைய முடியாது. ஒரே மூலத்திலிருந்து ஈராயிரம் ஆண்டு இடைவெளியில் இரண்டு வழியாக வந்த இரண்டு சொற்களும் ஒரே கதவில் தடுக்கப்பட்டு, இரண்டும் உள்ளே வந்துவிட்டன. நன்னூலார் காலத்தில் சகரம் பன்னிரண்டு உயிரோடும் முதலாகும் என்று விதியே மாறிவிட்டது. ‘சக்கர’த்தை வீட்டுப் பிள்ளையாகக் கொண்டு ‘சைக்கிளை’ வாசலில் நிறுத்துவது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன். 1868-இல் பொருளுடையதாக இருந்த ‘இரண்டு’ அதற்குப் பின் என்ன ஆயிற்று என்பதைப் பார்க்க வேண்டும். 1870-இல் கவன்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி முன்சக்கரம் மிகப் பெரியதாகவும் பின்சக்கரம் மிகச் சிறியதாகவும் உள்ள வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். மிதிக்கட்டை முன் அச்சிலேயே இருந்ததால் ஒரு மிதிக்கு ஒரு சுற்றுத்தான். ஆகவே விரைவு வேண்டுமானால் சக்கரம் பெருக்க வேண்டும் என்று ஐந்தடி விட்டம்வரை போனார்கள். கல்லில் மோதினால் ஓட்டியவர் தலைகுப்புற விழுவார். சங்கிலியால் பின்சக்கரத்தை இயக்கும் வழி வந்த பிறகு சக்கரங்கள் மீண்டும் சமமாயின. ஸ்டார்லியின் உறவினர் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-இல் செய்த ‘ரோவர்’ வண்டியே இன்று நாம் ஓட்டுவதன் முன்னோடி. அதைப் ‘பாதுகாப்பு பைசிக்கிள்’ என்று அழைத்தனர். பழைய உயரச் சக்கர வண்டிக்குச் ‘சாதாரண பைசிக்கிள்’ என்று பெயர் மாறியது. அதாவது, சொல் பிறந்து இருபது ஆண்டுகள் ஆவதற்குள்ளாகவே, ‘இரண்டு சக்கரம்’ என்று சொன்னால் எந்த வண்டி என்பது விளங்காமல் போய், வேறு அடை சேர்க்க வேண்டியதாயிற்று. அதற்குப் பின் இயந்திரம் பூட்டிய இரண்டு சக்கர வண்டிகளும் வந்துவிட்டன.

நம் ஊர் நிலைமை இன்னும் தெளிவானது. ‘இருசக்கர வாகனம் மோதிச் சைக்கிளில் சென்றவர் காயம்’ என்ற வகைச் செய்தித் தலைப்பு தங்கள் நாளிதழிலேயே வாரந்தோறும் வருகிறது. அதைப் படிக்கும் எவரும் குழம்புவதில்லை. ‘இருசக்கர வாகனம்’ என்றால் பெட்ரோலில் ஓடுவது, ‘சைக்கிள்’ என்றால் மிதித்து ஓட்டுவது என்று தமிழர் தமக்குள் எப்போதோ பங்கு பிரித்துக்கொண்டுவிட்டனர். தங்கள் குறிப்பாசிரியரின் சொல்லைக் கொண்டு அதே தலைப்பை எழுதினால் ‘இருசக்கர வாகனம் மோதி ஈருருளியில் சென்றவர் காயம்’ என்று ஆகும். இரண்டும் இரண்டும் மோதியதாகப் படிப்பவர் எண்ணுவாரே தவிர, எது யாரை இடித்தது என்று அறியமாட்டார். ‘உருளி’ என்றால் குமரி மாவட்டத்துச் சமையலறைகளில் வாயகன்ற வெண்கலப் பாத்திரம் என்பதையும் அவர் கருத்தில் கொள்ள வேண்டும்.

அப்படியானால் மிதிவண்டி என்ற சொல் எப்படிப்பட்டது? அது மொழிபெயர்ப்பே அன்று. ஆகவே பிழையான மொழிபெயர்ப்பாகவும் இருக்க முடியாது. அது அந்த வண்டியைப் பார்த்துத் தமிழன் தானே வைத்த பெயர். உலகத்தார் இவ்வண்டிக்குப் பெயர் வைத்த முறைகளைப் பார்த்தால் இது விளங்கும். போலந்து மக்கள் ரோவர் என்ற வணிகப் பெயரையே பொதுப்பெயராக்கி ‘ரோவெர்’ என்கின்றனர். நாம் ஒளிநகலை ஜெராக்ஸ் என்பதைப் போல. இத்தாலியரின் ‘பிசிக்லெட்டா’வும் பிரெஞ்சுக்காரரின் ‘பிசிக்லெத்’தும் ‘சின்ன பைசிக்கிள்’ என்று கொஞ்சும் வடிவங்கள். ஆங்கிலேயரான லாசன் என்பவர் 1879-இல் தம் சங்கிலி வண்டிக்கு வைத்த பெயர் அது. டச்சுக்காரர்களின் ‘ஃபீட்ஸ்’ எங்கிருந்து வந்தது என்று அவர்களுடைய அறிஞர்களே நெடுங்காலம் சண்டையிட்டனர். சீனப் பெருநிலத்தின் பொது வழக்கில் ‘தானே செல்லும் வண்டி’ என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது; அதை வைத்தவர் எதிர்காற்றில் ஒருமுறைகூட மிதித்திராதவர் என்று நினைக்கிறேன்.

ஆனால் அதே சீனர்களிடம் வேறொரு பெயரும் உண்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தைவானிலும் உள்ள சீனர்கள் ‘ஜியாவ் தா ச்சே’ என்பார்கள். முதற்சொல் கால், அடுத்தது மிதித்தல், மூன்றாவது வண்டி. வியட்நாமியரின் ‘ஸெ தாப்’ என்பதில் முதற்சொல் வண்டி, அடுத்தது மிதித்தல். சிங்கப்பூரில் அடுத்தடுத்த வீட்டில் வாழும் தமிழரும் சீனரும் ஒருவர் சொல்லை ஒருவர் அறியாமலே ஒரே பெயரை ஒரே பொருளில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இவற்றையெல்லாம்விட வலிய சான்று கிரேக்கர்களிடம் இருக்கிறது. ‘சைக்கிள்’ என்ற பகுதியை உலகுக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். அது தங்கள் பாட்டன் சொத்து என்று உரிமை கொண்டாட அவர்களுக்கு எல்லா நியாயமும் உண்டு. அவர்களோ இன்று மிதிவண்டியைப் ‘பொதிலாதோ’ என்கிறார்கள். காலைக் குறிக்கும் சொல்லையும் செலுத்துதலைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்தது அது. ‘காலால் செலுத்துவது’ என்பது பொருள்; சக்கரமும் இல்லை, இரண்டும் இல்லை. கிரேக்க மூலத்தைக் காட்டி மிதிவண்டியைப் பிழை என்று சொன்ன தங்கள் குறிப்பாசிரியர், இதைக் கிரேக்கர்களிடம் போய்ச் சொன்னால் அவர்கள் என்ன விடை தருவார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

நான் இதைப் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. என் தந்தையார் மன்னார்குடியில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தார். மணிக்கணக்கில் வாடகை; எடுத்த நேரத்தை நோட்டில் எழுதுவது பள்ளி விட்டு வந்த பின் என் வேலை. அந்தக் கடையில்தான் சொற்கள் எப்படித் தங்குகின்றன, எப்படிப் போகின்றன என்பதை முதலில் கண்டேன். ஹேண்டில்பார், செயின், மட்கார்டு, காரியர் ஆகியவை மாறாமல் தங்கின. ‘ஸ்போக்’ பன்மையோடு வந்து, ‘போக்ஸ் கம்பி’ என்று கம்பியையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் சக்கரம் வளைந்து ஆடினால் அதை நிமிர்த்துவதற்கு ஆங்கிலச் சொல் எதுவும் கடைக்குள் வரவில்லை. ‘கோட்டம் எடுக்கணும்’ என்றுதான் சொல்வார்கள். ‘சொற்கோட்டம் இல்லது செப்பம்’ என்று குறளில் படிக்கும் கோட்டம் அது. நடுவுநிலைமை அதிகாரத்தை நடத்தும்போதெல்லாம் தந்தையார் போக்ஸ் கம்பியை முடுக்கிய காட்சியே என் கண்முன் வரும். பாருக்கு அடியில் காலை நுழைத்து ஓட்டும் சிறுவர்களின் வித்தைக்குக் ‘குரங்குப் பெடல்’ என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் எந்த அகராதிக் குழுவிலும் இருந்தவர் அல்லர்.

அக்கடைக்கு வந்த எவரும் ‘பைசிக்கிள்’ என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. ‘சைக்கிள்’ என்பது அரைச்சொல் என்ற குற்றச்சாட்டு ஆங்கிலத்துக்கே பொருந்தாது; ஆங்கிலேயரே ‘சைக்கிள்’ என்று சுருக்கினர், 1880-களிலேயே ‘பைக்’ என்றும் வெட்டினர். தமிழில் நடந்ததோ அதைவிடச் சுவையானது. அந்த ஒரே சொல்லின் முன்துண்டான ‘பைக்’ இயந்திர வண்டிக்குப் போயிற்று. பின்துண்டான ‘சைக்கிள்’ மிதிக்கும் வண்டிக்கு நின்றது. ஆங்கிலத்தில் ஒரே பொருளைக் குறிக்கும் இரண்டு துண்டுகளைக் கொண்டு இரண்டு பொருள்களைப் பிரித்துக்கொண்டது நம் மொழி. சைக்கிள் ரிக்‌ஷாவுக்குச் சக்கரம் மூன்று. ஆயினும் அதுவும் சைக்கிள்தான், ஏனென்றால் அதை மிதிக்க வேண்டும். ஆகவே தமிழரின் நாவில் ‘சைக்கிள்’ என்பதன் பொருள் ‘சக்கரம்’ அன்று, ‘மிதித்து ஓட்டுவது’ என்பதே. எழுத்து வழக்கின் ‘மிதிவண்டி’யும் பேச்சு வழக்கின் ‘சைக்கிளு’ம் ஒன்றையொன்று வெட்டாமல் ஒரே பொருளில் நிற்பது இதனால்தான். பதினோராம் வகுப்புப் பிள்ளை ‘விலையில்லா மிதிவண்டி’ என்று அச்சிட்ட படிவத்தில் கையொப்பமிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து ‘சைக்கிள் குடுத்துட்டாங்க’ என்று சொல்வதில் எந்த முரணும் இல்லை. எங்கள் கடையில் சிறுவர்களுக்கு ‘அரை சைக்கிள்’, ‘முக்கால் சைக்கிள்’ என்று இருந்தன. ‘பை’ உதிர்ந்துபோனதே என்று வருந்துபவர்கள், அந்த இடத்தில் வேறு எண்கள் வந்து அமர்ந்ததைக் காணலாம். அவை எண்ணியது சக்கரத்தை அன்று, ஓட்டுபவனின் உயரத்தை.

தனித்தமிழ்ச் சொல்லாக்கத்துக்கு நான் எதிரி அல்லன். பழந்தமிழில் சக்கரத்துக்குச் சொற்பஞ்சம் இல்லை: ஆழி, திகிரி, உருள் என்று இருக்கின்றன. இவற்றோடு ‘கால்’ என்பதும் ஒன்று. ‘கடலோடா கால்வல் நெடுந்தேர்’ என்ற குறளில் கால் என்பது தேரின் சக்கரமே. வெலோசிபேட் என்று ஐரோப்பியர் இலத்தீனைத் துழாவி வண்டிக்குக் கால் பூட்டுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, தமிழில் உடம்பைத் தாங்கும் காலும் தேரைத் தாங்கும் காலும் ஒரே சொல்லாக இருந்தன. இப்படிப்பட்ட செல்வத்திலிருந்து யாராவது ஒரு நல்ல சொல்லை எடுத்துக் கொடுத்து, மக்கள் அதை ஏற்றால் நான் முதல் ஆளாக எழுதுவேன். எழுத்து வழக்கில் வேரூன்றிவிட்ட ‘மிதிவண்டி’ என்ற நல்ல தமிழ்ச் சொல்லை, வேற்றுமொழியின் எண்ணிக்கையோடு ஒத்துவரவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் களைய வேண்டும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. அது தமிழ்ப்பற்றுப் போலத் தோன்றினாலும், ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழைப் பணியவைக்கும் வேலை.

மிதிவண்டி என்ற சொல்லுக்கும் குறை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மாற்றுத்திறனாளிகள் கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியை ‘மூன்று சக்கர மிதிவண்டி’ என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். மிதிக்க இயலாதவருக்குக் கொடுக்கும் வண்டிக்கு அப்பெயர் பொருந்தாதது மட்டுமன்று, மனத்தையும் நோகச் செய்வது. மக்கள் அதை ‘மூன்று சக்கர சைக்கிள்’ என்றே சொல்கிறார்கள். அந்த இடத்தில் தங்கள் நாளிதழும் அவ்வாறே எழுதலாம், அல்லது ‘கைச்சுழல் வண்டி’ போன்ற ஒன்றை அதை ஓட்டுபவர்களிடமே கேட்டு முடிவு செய்யலாம். மின்கலம் பூட்டிய புதிய வண்டிகளில் பாதி மிதியும் பாதி மின்சாரமுமாக இருப்பதால் அவற்றை என்னவென்று சொல்வது என்பதும் இனித்தான் தெளிய வேண்டும்.

தங்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். சிவ்ராக் பற்றிய செய்திக்கும், ‘பைசிக்கிள்’ முழுக் கிரேக்கச் சொல் என்ற செய்திக்கும் ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். தங்கள் சொல் விளக்கப் பகுதியை வெட்டி நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிவைக்கும் பிள்ளைகளை நான் அறிவேன். என் பேத்தியும் அவர்களுள் ஒருத்தி. அவளுடைய நோட்டில் 1790 என்று இருந்ததை அடித்து 1817 என்று எழுதச் சொன்னேன். நாளிதழில் அச்சாகியிருப்பதை அடிக்க முடியாது என்று மறுத்துவிட்டாள். தாங்கள் அச்சிட்டால் ஒட்டிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
மன்னார்குடி.